நல்கொண்டா எலும்பும் ஹெச்-இண்டெக்ஸும்

ஒரு ரேடியாலஜிஸ்ட் பேரை கூகுள் ஸ்காலர்ல போட்டுத் தேடிப் பாருங்க. அவர் எழுதின பேப்பர்ல ஒண்ணைக்கூட இன்னும் திறந்திருக்க மாட்டீங்க, அதுக்குள்ள பக்கத்துல ஒரு கட்டம் வந்து நிக்கும். மொத்த சைட்டேஷன் இத்தனை. ஹெச்-இண்டெக்ஸ் இத்தனை. ஐ10 இத்தனை.

மாநாட்டு மேடையில அறிமுகம் பண்றவங்க இப்பல்லாம் அந்தக் கட்டத்தை அப்படியே வாசிச்சுடறாங்க. இவர் எந்த உறுப்பைப் பார்த்தார், புதுசா என்ன சொன்னார், அதனால எந்த ஊர்ல யாருக்கு என்ன ஆச்சு? ஒரு வரி கிடையாது. நம்பர் முடிஞ்சதும் கைதட்டல்.

எரிச்சலா இருக்கு. எரிச்சலோட நிக்காம ஒரு ஊரை வச்சே பேசிடலாம். ஹைதராபாத்.

அந்த ஊர்ல ரேடியாலஜின்னா முதல்ல வர்ற பேரு டாக்டர் காக்கர்ல சுப்பாராவ். 1925-ல கிருஷ்ணா மாவட்டத்து கிராமம் ஒண்ணுல பிறந்தவர். விசாகப்பட்டினம் ஆந்திரா மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் படிப்பு, அப்புறம் அமெரிக்கா, ஐம்பதுகள்ல திரும்பி வந்து ஹைதராபாத் உஸ்மானியாவுல வாத்தியார், மறுபடி அமெரிக்கா. நியூயார்க் மாண்டிஃபியோர் ஆஸ்பத்திரியில ஹெரால்ட் ஜேக்கப்சன்னு ஒரு பெரியவர் இருந்தார். எலும்பு எக்ஸ்ரேயைப் படிக்கிறதுல அந்தக் காலத்துல பெரிய கை. அவரோட சேர்ந்து சுப்பாராவ் எலும்பு நோய்களைப் பத்தி எழுதினார். எண்பதுகள்ல முதலமைச்சர் என்.டி.ராமராவ் கூப்பிட, ஹைதராபாத்துக்கே வந்துட்டார். பஞ்சாகுட்டாவுல இருந்த நிஜாம் எலும்பு மருத்துவமனைதான் பின்னாடி நிம்ஸ் ஆச்சு. அதோட முதல் டைரக்டர் இவர். 2000-ல பத்மஸ்ரீ. 2021 ஏப்ரல்ல, 96 வயசுல காலமானார்.

இவரோட ஆராய்ச்சித் தாக்கம் என்னன்னு அந்தக் கட்டத்துகிட்ட கேட்டா சரியான பதில் வராது. காரணம் சாதாரணமானது. ஸ்கோப்பஸ் மாதிரியான தரவுத்தளம் ரொம்ப நாள் 1996-க்கு அப்புறம் வந்த பேப்பர்களோட மேற்கோள் பட்டியலைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தது. பின்னாடிதான் அதை 1970 வரைக்கும் நீட்டினாங்க. ஒருத்தரோட வேலைக்காலத்துல பாதி அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்தா, அந்தப் பாதியை யார் எடுத்து ஆண்டாங்கன்னு எண்ண ஆளே இல்லை. பாடப்புத்தகம் எழுதினது, ஸ்டூடண்ட்ஸுக்கு ஃபிலிம் படிக்கக் கத்துக்கொடுத்தது, ஆஸ்பத்திரி கட்டினது இதெல்லாம் எண்ணிக்கைக்கே வராத சமாச்சாரம்.

ஹெச்-இண்டெக்ஸ் எப்படிப் போடறாங்கன்னு தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் எழுதினதுல 12 பேப்பர், ஒவ்வொண்ணும் குறைஞ்சது 12 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தா அவருக்கு 12. அவ்வளவுதான். 2005-ல ஜார்ஜ் ஹிர்ஷ்னு கலிஃபோர்னியாவுல ஒரு இயற்பியல் பேராசிரியர் கொடுத்த யோசனை. வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு பேப்பர் எழுதி, அதை உலகமே 5,000 தடவை எடுத்து ஆண்டாலும் ஹெச்-இண்டெக்ஸ் 1தான். (2020-ல ஹிர்ஷே இந்த அளவுகோல் மோசமான விளைவுகளைக் கொண்டு வரலாம்னு கவலைப்பட்டு எழுதிட்டார். அதை எந்த மேடையிலயும் யாரும் வாசிக்கிறதில்லை.)

இனிமேதான் முக்கியமான கதை. ஹைதராபாத்துலேருந்து தென்கிழக்கே கிளம்பினா நல்கொண்டா. அந்த மண்ணுல கருங்கல் பாறை, பாறைக்குள்ள ஃபுளோரைடு, அது கரைஞ்சு கிணத்துத் தண்ணியில. தண்ணியில ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 1.5, அதுக்கு மேல கூடாதுங்கிறது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டின தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா முதல்ல பல்லுல பழுப்புப் பட்டை. அப்புறம் எலும்பு. இதுக்குப் பேர்தான் ஃபுளோரோசிஸ்.

எலும்புல என்ன ஆகுதுங்கிறதை வெளியிலேருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். முதுகு வலி, மூட்டு இறுக்கம்னு வர்றவங்களை வாதம்னு சொல்லி அனுப்பிடலாம். எக்ஸ்ரேயில மட்டும் தப்பிக்க முடியாது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சாக்பீஸ் மாதிரி வெள்ளையா தெரியும். உள்ளே இருக்கவேண்டிய நுணுக்கமான பின்னல் மறைஞ்சு போயிருக்கும். தசைநார்கள்ல சுண்ணாம்பு ஏறியிருக்கும். முன்கையில ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு மெல்லிய சவ்வு இருக்கு பாருங்க, எக்ஸ்ரேயில அது பொதுவா தெரியவே தெரியாது. ஃபுளோரோசிஸ்காரங்களுக்கு அந்தச் சவ்வு ஓரம் ஓரமா எலும்பா மாறி முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு முன்கை படத்தைப் பார்த்தே "இவர் எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறார்?"னு கேட்கலாம். கத்துக்கிட்ட ரேடியாலஜிஸ்ட் அப்படித்தான் கேட்பார். கவனிக்காம விட்டா முதுகெலும்பு நரம்பை நெரிச்சு கால் விழுந்துடும்.

இந்த வெள்ளை எலும்பை முதல்ல படம் பிடிச்சுச் சொன்னது டென்மார்க்ல. 1932-ல மோலர், குட்ஜோன்சன்னு ரெண்டு பேர், கோபன்ஹேகன்ல கிரையோலைட்ங்கிற ஃபுளோரைடு கனிமத் தொழிற்சாலைத் தொழிலாளிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒரு ரேடியாலஜி ஜர்னல்ல எழுதினாங்க. அது தொழிற்சாலைத் தூசி. குடிதண்ணியாலயே கிராமம் கிராமமா எலும்பு இப்படி ஆகுதுங்கிறதை எழுதினது நம்ம சென்னையிலேருந்து.

1937. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல ஷார்ட். மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில கேப்டன் டி.டபிள்யூ. பார்னார்டு. (சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே பார்னார்டு ரேடியாலஜி இன்ஸ்டிட்யூட்னு 1934-லேருந்து இருக்கே, அதுக்குப் பேர் கொடுத்தவர் இவர்தான்.) ஷார்ட், மெக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர்னு நாலு பேர் சேர்ந்து மெட்ராஸ் மாகாணத்துல ஃபுளோரோசிஸ் இருக்குன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஜர்னல்ல எழுதினாங்க. அதே வருஷம் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூணு பேரும் நெல்லூர் மாவட்டத்தைப் பத்தித் தனியா எழுதினாங்க. நெல்லூர் அப்ப மெட்ராஸ் மாகாணம்.

18 வருஷம் கழிச்சு, 1955 டிசம்பர்ல, ஏ.ஹெச். சித்திக்கிங்கிற டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே ஊர் இருக்கு: நல்கொண்டா மாவட்டம், ஹைதராபாத்-டெக்கான். அதுக்கப்புறம் நல்கொண்டாங்கிற பேரு ஃபுளோரோசிஸ் பத்தி எழுதற உலகத்துல நிரந்தரமா பதிஞ்சு போச்சு.

1973-ல அடுத்த கட்டுரை, இந்தத் தடவை லான்செட்ல. எழுதினவங்க ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும். (அந்த நிறுவனம் 1918-ல குன்னூர்ல மெக்காரிசன் ஆரம்பிச்ச பெரிபெரி ஆராய்ச்சிக் கூடமா இருந்து, 1958-ல ஹைதராபாத்துக்குக் குடிபோனது. நீலகிரிக்காரங்க பெருமைப்படலாம்.) முட்டி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு இடிக்கிற பிள்ளைகள், ஃபுளோரோசிஸ் இருக்கிற பகுதியில. முதுகெலும்பு கெட்டியாகி வெள்ளையாகணும்ங்கிறது பழைய பாடம். இங்க கால் எலும்புகள் மெலிஞ்சு போயிருந்தது. நாகார்ஜுனசாகர் அணை வந்த பிறகு நிலத்தடி நீர் மட்டம் ஏறினதோட இதை முடிச்சுப் போட்டுப் பார்த்தாங்க. ஒரு எக்ஸ்ரே படம் அணைக்கட்டு வரைக்கும் கேள்வி கேட்க வச்சது. இதைவிட ஒரு ஆராய்ச்சிக்கு என்ன தாக்கம் வேணும்?

எழுபதுகள்ல நாக்பூர் நீரி நிறுவனம் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் போட்டு தண்ணியிலேருந்து ஃபுளோரைடைப் பிரிக்கிற முறை ஒண்ணு கண்டுபிடிச்சது. அதுக்கு வச்ச பேரே நல்கொண்டா முறை. ஆப்பிரிக்காவுல கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா வரைக்கும் போச்சு. 2016-ல தெலங்கானா அரசு மிஷன் பகீரதான்னு ஆத்துத் தண்ணியைக் குழாய்ல கொண்டுவர ஆரம்பிச்சது. நம்ம பக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணி வந்ததே, அந்தத் திட்டத்தோட முழுப் பேரையும் கவனிச்சிருக்கீங்களா? 'குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம்.' 1937-ல ஒரு இருட்டறையில பார்த்த வெள்ளை எலும்புக்கும், 2013-ல தருமபுரி குழாய்ல வந்த தண்ணிக்கும் தொடர்பு இருக்கு. அதை எந்த இண்டெக்ஸும் எண்ணாது. குழாய் போட்ட இன்ஜினீயர் மேற்கோள் பட்டியல் எழுத மாட்டார்.

பார்னார்டு விஷயத்துல இன்னொண்ணு இருக்கு. 1937 கட்டுரை எழுதின நாலு பேர்ல அவர் மூணாவது. ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கு இது ரொம்பப் பழகின இடம். நோயாளியைப் பார்த்தவர் முதல்ல, துறைத் தலைவர் கடைசியில, படத்தைப் படிச்சுச் சொன்னவர் நடுவுல எங்கயோ. பல பேப்பர்ல நடுவுலகூட இல்லை, கடைசியில நன்றிங்கிற தலைப்புக்குக் கீழ இருப்பார்.

2015-ல இந்திய மருத்துவக் கவுன்சில் மெடிக்கல் காலேஜ் ஆசிரியர் பதவி உயர்வுக்கு விதி போட்டப்ப, முதல் ரெண்டு பேருக்குத்தான் கணக்குன்னு சொல்லிடுச்சு. அசல் ஆராய்ச்சிக் கட்டுரை மட்டும்தான் செல்லும். கேஸ் ரிப்போர்ட் செல்லாது. இணையத்துல மட்டும் வர்ற ஜர்னலும் செல்லாது. அந்த விதிப்படி 1937 கட்டுரைக்காக பார்னார்டுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. நெல்லூர் கட்டுரைக்காக ராகவாச்சாரிக்கும் கிடையாது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, 2020-ல முதல் மூணு பேர் வரைக்கும்னு தளர்த்தினாங்க. நாலாவதா இருக்கிற மன்னாடி நாயருக்கு அப்பவும் இடமில்லை.

கேஸ் ரிப்போர்ட்டை ஒதுக்கினது ரேடியாலஜிக்குப் பண்ணின அநியாயம். இந்தத் துறையில பல விஷயங்கள் "இப்படி ஒரு படம் பார்த்தேன், நீங்க பார்த்திருக்கீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டதுலேருந்து தொடங்கினதுதான்.

மேற்கோள் வராத காலத்தைப் பத்திச் சொல்லணும்னா ஆலன் கோர்மாக்கை விட நல்ல உதாரணம் கிடையாது. தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் குரூட்டே ஷூர் ஆஸ்பத்திரியில பகுதிநேர இயற்பியலாளரா இருந்தப்ப, உடம்பை வெட்டாமலே குறுக்குவெட்டுப் படம் எடுக்க முடியுமான்னு கணக்குப் போட ஆரம்பிச்சார். 1963-லயும் 1964-லயும் ரெண்டு பேப்பர். யாரும் கண்டுக்கலை. பிரதி கேட்டு வந்த கடிதங்கள்ல சுவாரசியமானது ஸ்விட்சர்லாந்துல பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்துலேருந்து வந்ததுதான்னு நோபல் உரையில அவரே சொல்லியிருக்கார். மலை மேல பனி எவ்வளவு அடர்த்தியா படிஞ்சிருக்குன்னு பார்க்க உதவுமான்னு அவங்களுக்கு யோசனை. 1979-ல, சி.டி. ஸ்கேனரை உருவாக்கின ஹவுன்ஸ்ஃபீல்டோட சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல். அந்த ரெண்டு பேப்பர்தான் சி.டி. ஸ்கேனோட கணக்கு அடித்தளம். ஜர்னலை அளக்கிற இம்பாக்ட் ஃபேக்டர் பார்க்கிறது முதல் ரெண்டு வருஷ மேற்கோளைத்தான். அந்தக் கணக்குல கோர்மாக் ஒரு தோல்வி.

சி.டி. கணக்குல நம்ம ஆளு ஒருத்தரும் இருக்கார், இதைச் சொல்லாம போக மனசு வரலை. சென்னைப் பல்கலைக்கழகத்துல புரத அமைப்பைப் பத்தி உலகப் புகழ் ஆராய்ச்சி பண்ணின ஜி.என். ராமச்சந்திரன். 1971-ல ஏ.வி. லட்சுமிநாராயணனோட சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்கள்லேருந்து முழு உருவத்தைத் திரும்பக் கட்டுறதுக்கு ஃபூரியர் மாற்றத்தைச் சுத்திப் போகாம நேரா போடற ஒரு வழியை எழுதினார். கம்ப்யூட்டர் வேலை மிச்சம், படமும் துல்லியம். அதுக்கு இப்ப உலகம் முழுக்கப் பேரு 'ராம்-லாக் ஃபில்டர்'. மேட்லேப் மென்பொருள்ல ஸ்கேன் படத்தைத் திரும்பக் கட்டுற கட்டளையைக் கொடுத்தா, நீங்க ஒண்ணும் சொல்லாமலே அது எடுத்துக்கிறது ராம்-லாக்தான். தினமும் அதைப் பயன்படுத்தற எத்தனையோ பேர் 1971 பேப்பரை மேற்கோள் காட்ட மாட்டாங்க. காட்டத் தேவையே இல்லாத அளவுக்கு அது பொதுச்சொத்து ஆயிடுச்சு. ராண்ட்ஜனோட 1895 கட்டுரையை எந்த எக்ஸ்ரே பேப்பர்ல மேற்கோள் காட்டறாங்க? ஒரு கண்டுபிடிப்பு முழுசா ஜெயிச்சா அதோட சைட்டேஷன் குறைய ஆரம்பிக்கும்.

அப்ப சைட்டேஷனே வேண்டாமா? வேணும். கண்டிப்பா வேணும்.

யூஜின் கார்ஃபீல்டு 1955-ல சயன்ஸ் இதழ்ல சைட்டேஷன் இண்டெக்ஸ்ங்கிற யோசனையை வச்சப்ப (சித்திக்கியோட நல்கொண்டா கட்டுரை வந்த அதே வருஷம்), அவர் ஆளை எடை போடச் சொல்லலை. ஒரு பேப்பரை அடுத்து யார் எடுத்தாங்க, யார் மறுத்தாங்க, யார் திருத்தினாங்கன்னு தேடிப் போக வழி கேட்டார். தப்பான, காலாவதியான தகவலை யாரும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்து ஆளக் கூடாதுங்கிறது அவர் கவலை. இன்னிக்கும் 'மேற்கோள் காட்டியவை'ங்கிற இணைப்பை அழுத்தினா அந்த வழி திறக்குது. ஒரு ஜூனியர் டாக்டருக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. வாசலைத் திறந்து உள்ளே போறதை விட்டுட்டு, அதுக்கு மேல எழுதியிருக்கிற நம்பரை மட்டும் பார்த்துட்டுத் திரும்பி வர்றதுதான் பிரச்சினை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2016-ல சமிரன் நந்தி உள்ளிட்ட மூணு பேர் இந்தியாவுல 579 மருத்துவக் கல்லூரி, ஆஸ்பத்திரிகளோட பத்து வருஷ வெளியீட்டை எண்ணினாங்க. 2005-லேருந்து 2014 வரைக்கும் 332 இடங்கள்லேருந்து ஒரு பேப்பர்கூட வரலை. பாதிக்கும் மேல. வருஷத்துக்கு 100-க்கு மேல எழுதினது 25 இடங்கள்தான். அந்த எண்ணிக்கை இல்லைன்னா இந்த அவமானம் வெளியிலயே தெரிஞ்சிருக்காது. எண்ணுறது உதவுது. ஒரு நாட்டை, ஒரு அமைப்பைப் பார்க்க நல்லா உதவுது. ஒரு தனி ஆளைப் பார்க்கத்தான் உதவாது.

இப்ப எந்த ரேடியாலஜி பேப்பருக்கு மேற்கோள் கொட்டுதுன்னு பார்த்தா, கம்ப்யூட்டர் படம் படிக்கிற பேப்பர்களுக்கு. 2018-ல லான்செட்ல வந்த இந்தியக் கட்டுரையையே எடுத்துக்கலாம். 3 லட்சத்துக்கு மேல தலை சி.டி. ஸ்கேன்களைச் சேர்த்து, அதுல பெரும்பகுதியைக் கொடுத்து மூளை ரத்தக்கசிவு, எலும்பு முறிவு எல்லாம் கண்டுபிடிக்க மென்பொருளைப் பழக்கினாங்க. அது சொல்றது சரியான்னு சோதிக்க வச்ச தொகுப்புகள்ல ஒண்ணு 491 ஸ்கேன். அந்த ஒவ்வொரு ஸ்கேனையும் 3 ரேடியாலஜிஸ்ட்டுகள் ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாம தனித்தனியா படிச்சாங்க. அந்த ஸ்கேன்களை யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம்னு பொதுவுலயும் வச்சாங்க. பலரும் பேசறது மென்பொருளை. ஆனா அந்தக் கட்டுரைக்கு நம்பகம் கொடுத்தது 491 தலையை உட்கார்ந்து படிச்ச அந்த மூணு பேரோட கண்.

இந்திய தேசிய அறிவியல் கழகம் 2018-ல ஒரு கொள்கை அறிக்கை விட்டது. ஆராய்ச்சி எங்க வெளிவந்ததுங்கிறதை மட்டும் பார்க்காம, என்ன வெளிவந்ததுன்னு பார்த்து மதிப்பிடணும்னு சொல்லுச்சு. 2012-ல சான் பிரான்சிஸ்கோவுல எழுதின டோரா பிரகடனமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. ரெண்டுமே காகிதத்துல பத்திரமா இருக்கு.

நடைமுறைக்குக் கொண்டுவர்றது அவ்வளவு கஷ்டமும் இல்லை. பதவி உயர்வு நேர்காணல்ல ரேடியாலஜிஸ்ட் தன்னோட பேப்பர்ல ரெண்டை அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டு வரட்டும். எத்தனை படம் பார்த்தீங்க, யார் யார் படிச்சாங்க, ஒருத்தர் படிச்சது இன்னொருத்தருக்குத் தெரியுமா, ரெண்டு பேரும் ஒத்துப்போகாத படத்தை என்ன பண்ணினீங்க, ஆபரேஷன்லயோ பயாப்ஸியிலயோ சரிபார்த்தீங்களான்னு கேளுங்க. அரை மணி நேரம் போதும். நேர்காணல் பண்றவர் அந்த ரெண்டு பேப்பரையும் முன்கூட்டியே படிச்சிருக்கணும், அதுதான் இதுல ஒரே செலவு.

எப்படிப் படிக்கிறதுன்னு பழகிப் பார்க்க விருப்பம் உள்ளவங்களுக்கு, சித்திக்கியோட 1955 கட்டுரை பப்மெட் சென்ட்ரல்ல இலவசமா கிடைக்குது. 1408-லேருந்து 1413 வரைக்கும், ஆறே பக்கம்.